ஜகல்ச்சி சந்தையில் முதல் மீன் சாப்பாடு: கீழே வாங்கி மேலே சாப்பிடுவது எப்படி?

தென்கொரியாவின் பூசானுக்கு வருகிற நம் ஆட்கள் பலரும் ஜகல்ச்சி மீன் சந்தைக்குப் போகிறார்கள். தொட்டித் தொட்டியாகப் படம் எடுக்கிறார்கள். சாப்பிடாமல் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால், "யார்கிட்ட வாங்குறது, யாரு வெட்டித் தருவாங்க, கடைசியில எவ்வளவு கேப்பாங்க, ஒண்ணும் புரியல" என்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் திரும்பினேன். இரண்டாவது தடவை நன்றாகச் சாப்பிட்டேன், பில்லைப் பார்த்துத்தான் முழித்தேன். மூன்றாவது தடவையில்தான் விஷயம் பிடிபட்டது. மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கும்வரைதான் பேச்சு. கத்தி பட்ட பிறகு நீங்கள் பேச ஒன்றும் கிடையாது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்தக் கத்திக்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள்தான், சாப்பாட்டைத் தவிர.

படி 1: நாள் பார்த்துப் போங்கள்

பூசான் மெட்ரோவில் 1ஆம் வழித்தடம், ஜகல்ச்சி நிலையம், 10ஆம் எண் வாசல். அங்கிருந்து நடை தூரம்தான், வாசனையே வழி சொல்லும். பெரிய சந்தைக் கட்டடத்துக்கு மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்க்கிழமைகளில் விடுமுறை. அன்றைக்குப் போனால் வெளித்தெருக் கடைகள்தான் கிடைக்கும். வார நாளில் பகல் 11 மணி வாக்கில் போவது என் வழக்கம். மேலே சாப்பாட்டுக் கூட்டம் சேர்ந்திருக்காது, கடைக்காரப் பெண்களும் நிதானமாகப் பேசுவார்கள். தரை எப்போதும் ஈரமாக இருக்கும். வெள்ளை ஷூவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

படி 2: வாங்காமல் ஒரு சுற்று

ஜகல்ச்சி என்று மொத்தமாகச் சொன்னாலும் உள்ளே பல பகுதிகள் இருக்கின்றன. குடை விரித்து, தட்டில் மீன் பரப்பி விற்கிற தெருக்கடைகள் ஒரு பக்கம். சின்டோங்கா என்கிற தனிச் சந்தைக் கட்டடம் ஒன்று. அப்புறம் கடற்பறவை சிறகு விரித்தது மாதிரி கூரை வைத்து 2006இல் திறந்த பெரிய கட்டடம். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பெரிய கட்டடத்தைத்தான். தரைத்தளத்தில் உயிர்மீன் தொட்டிகள், அதற்கு மேல்தளத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இடம். ஏற்பாடு தெளிவாக இருக்கும்.

ஜகல் என்றால் கூழாங்கல். முன்பு இந்தக் கரை கூழாங்கல் கரையாக இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். கொரியப் போரின்போது பூசான் தற்காலிகத் தலைநகரமாக இருந்தது. அகதிகளாக வந்து குவிந்தவர்களில் ஏராளமான பெண்கள் இங்கே கூடை வைத்து மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். இன்றும் இங்கே விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்தான். 'ஜகல்ச்சி அஜிமே' என்று அவர்களுக்குத் தனிப் பேரே உண்டு. குரல் சற்றுத் தடிப்பாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். அது கோபம் இல்லை, பூசான் பேச்சே அப்படி.

நடக்கும்போது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு நகருங்கள். மூன்று நான்கு கடைகளின் விலைப் பலகையைப் பார்த்த பிறகு நில்லுங்கள்.

படி 3: மீனைத் தேர்ந்தெடுப்பது

முதல் தடவை என்றால் க்வாங்ஓ கேளுங்கள். தொட்டியின் அடியில் கம்பளம் மாதிரி ஒட்டிக் கிடக்கும் தட்டை மீன் அது. நம் ஊர் நாக்கு மீனுக்குத் தூரத்துச் சொந்தம். வாடை குறைவு, சதை அதிகம். பச்சை மீன் சாப்பிட்டே பழகாதவர்கள்கூட இதை ஒதுக்க மாட்டார்கள். எடையில் கிட்டத்தட்டப் பாதி சதையாகக் கிடைக்கும். பக்கத்துத் தொட்டியில் உரொக் என்று கறுப்பாக, முள்முள்ளாக ஒரு பாறைமீன் இருக்கும். விலை மலிவாகத் தெரியும். ஆனால் அதற்குத் தலை பெரிது, மூன்றில் ஒரு பங்கு சதை தேறினால் அதிகம். குழம்புக்கு அது ராஜா, பச்சையாகச் சாப்பிட எனக்கு க்வாங்ஓதான்.

க்வாங்ஓ மாதிரியே இருக்கும் இன்னொரு தட்டை மீன் தோதாரி. இரண்டையும் பிரித்துச் சொல்லக் கொரியர்களிடம் நாலெழுத்துச் சூத்திரம் ஒன்று உண்டு: 'ஜ்வா-க்வாங்-ஊ-தோ'. இடது க்வாங்ஓ, வலது தோதாரி. மீனின் வாய் உங்களைப் பார்க்கிற மாதிரி முன்னால் நின்று பாருங்கள். இரண்டு கண்ணும் உங்கள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் க்வாங்ஓ, வலப்பக்கம் என்றால் தோதாரி. குஞ்சாக இருக்கும்போது இந்த மீன்களுக்கும் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய்ச் சேருகிறது. நான் இந்தச் சோதனையைச் செய்துகாட்டியதும் கடைக்கார அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். அன்றைக்கு ஒரு கைப்பிடி சிப்பி இலவசம்.

பருவமும் பாருங்கள். வசந்தத்தில் தோதாரி, இலையுதிர் காலத்தில் ஜோன்ஓ என்கிற சின்ன வெள்ளி மீன், குளிரில் கொழுப்பேறிய பாங்ஓ என்கிற பெரிய மீன். ஜோன்ஓ சுடுகிற வாசனைக்கு, கோபித்துக்கொண்டு போன மருமகளே வீடு திரும்பிவிடுவாள் என்று கொரியாவில் ஒரு சொலவடை.

தொட்டியின் மேல் உள்ள அட்டையையும் கவனியுங்கள். எந்த நாட்டு மீன் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது கொரியச் சட்டம். குங்நேசான் என்றால் உள்நாட்டு மீன். யாங்சிக் என்றால் வளர்ப்பு, ஜாயொன்சான் என்றால் கடலில் பிடித்தது. பிடித்த மீனுக்கு விலை அதிகம். க்வாங்ஓவில் வளர்ப்பு மீனே எனக்குப் போதும். முதல் தடவை சாப்பிடுகிற நாக்குக்கு வித்தியாசம் பிடிபடாது.

படி 4: மூன்று கேள்விகள்

இதுதான் முக்கியமான இடம். கடைக்காரரை 'இமோ' என்று கூப்பிடலாம். அம்மாவின் சகோதரி என்று அர்த்தம், நமக்குச் சித்தி மாதிரி. அப்பாவை நம்மைப் போலவே 'அப்பா' என்று கூப்பிடுகிற நாட்டில் இதெல்லாம் சுலபமாக வாயில் வந்துவிடும்.

முதல் கேள்வி: கிலோ என்ன விலை? 'இல் கில்லோ, ஒல்மாயெயோ?' பதில் புரியாவிட்டால் கைபேசியில் கால்குலேட்டரைத் திறந்து நீட்டுங்கள், எண்ணை அழுத்திக் காட்டுவார்கள்.

இரண்டாவது கேள்வி: இந்த மீன் மொத்தம் எவ்வளவு? கிலோ விலையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிவிடக் கூடாது. தொட்டியில் கிடக்கும் மீன் ஒரு கிலோவா இரண்டு கிலோவா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. தராசில் வைக்கச் சொல்லுங்கள். கூடையில் தண்ணீர் வடியட்டும், எண் நிற்கட்டும். இரண்டு பேருக்கு ஒரு கிலோ க்வாங்ஓ தாராளம். நானும் நண்பனும் போன அந்த இரண்டாவது தடவை, காட்டிய மீனுக்கெல்லாம் 'நே, நே' என்றோம். நே என்றால் ஆமாம். இரண்டரைக் கிலோ மீன் தட்டில் வந்து இறங்கியது. தப்பு முழுக்க எங்களுடையதுதான்.

மூன்றாவது கேள்வி: மேலே உட்கார எவ்வளவு? மீன் விலை வேறு, மேலே தட்டு வைக்கிற காசு வேறு. சாங்சாரிம் பி என்பார்கள். தலைக்குச் சில ஆயிரம் வொன் வரும். மீன் குழம்பு வைத்துத் தர அது தவிர ஒரு தொகை. இந்த மூன்றையும் கூட்டினால்தான் உங்கள் சாப்பாட்டின் விலை.

அடித்துப் பேரம் பேசுகிற வழக்கம் இங்கே அவ்வளவாக எடுபடாது. ஆனால் 'சொபிஸு?' (ஆங்கில 'சர்வீஸ்'தான், இலவசமாக ஏதாவது உண்டா என்ற பொருளில்) என்று கேட்டால் இரண்டு இறாலோ ஒரு கணவாய்த் துண்டோ கொசுறாக விழும். நம் ஊர்க் கொசுறுக்கு அவர்கள் சொல் 'தொம்'. எனக்கு விலையைக் குறைப்பதைவிட இதில்தான் லாபம் தெரிகிறது.

மூன்றுக்கும் பதில் வந்ததா? சரி, இப்போது தலையாட்டுங்கள். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

படி 5: மேலே

கடைக்காரரே ஆள் அனுப்பி மேலே உட்காரவைப்பார். கீரை, இலைகள், பூண்டு, பச்சைமிளகாய், கிம்ச்சி, சாஸ் எல்லாம் முதலில் வரும். கரண்டியும் குச்சியும் மேசைமேல் இல்லாவிட்டால் மேசையின் பக்கவாட்டில் இழுப்பறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். பிறகு மீன் வரும், கண்ணாடி மாதிரி மெல்லிய வெள்ளைத் துண்டுகளாக. இதற்குப் பெயர் ஹ்வே. ஜப்பானில் மீனைச் சற்று நேரம் வைத்திருந்து மென்மையாக்கி அறுப்பது உண்டு. இங்கே அப்போதே அறுத்தது, அதனால் மெல்லும்போது ரப்பர் மாதிரி எதிர்க்கும். அந்த எதிர்ப்பைத்தான் கொரியர்கள் ருசி என்கிறார்கள்.

முதல் துண்டை எதுவும் தொடாமல் சாப்பிடுங்கள். இரண்டாவதைச் சோகோச்சுஜாங்கில் தொடுங்கள். புளிப்பும் இனிப்பும் காரமுமான சிவப்புச் சாஸ் அது. மூன்றாவதுக்கு உள்ளங்கையில் ஒரு கீரை இலை விரித்து, அதன்மேல் கெந்நிப் என்கிற மணமான இலை, மீன் இரண்டு துண்டு, ஒரு பூண்டுச் சில்லு, கொஞ்சம் ஸம்ஜாங் என்கிற சோயாபீன் விழுது. வெற்றிலை மடிக்கிற மாதிரி மடித்து ஒரே வாயாகப் போட வேண்டும். பாதி கடித்தால் மீதி மடியில் விழும்.

துண்டுகள் பாதி தீரும்போதே மேயுன்தாங் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் மீனின் தலையும் முள்ளும் மிளகாய்த் தூளோடு கொதித்து வரும் குழம்பு அது. சோறு தனியாகக் கேளுங்கள். பச்சை மீன் இறங்காமல் அமர்ந்திருக்கும் நம் ஆள் யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்.

பச்சையே வேண்டாம் என்றால்

கல்லீரல் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. அதிலும் வெயில் காலத்துக் கடல்நீரில் விப்ரியோ கிருமி பெருகும், கல்லீரல் பலவீனமானவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. சந்தையை ஒட்டிய சந்துகளில் சுட்ட மீனும் சோறும் தருகிற சின்னக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கொம்ஜாங்ஓ என்று விலாங்கு மாதிரி ஒன்றையும் காரம் பூசிச் சுடுவார்கள். பூசான்காரர்களுக்கு அது உயிர், எனக்கு இன்னும் பழகவில்லை.

துடிக்கிற ஆக்டோபஸ் துண்டுகளான சான்னக்ஜியைப் பந்தயத்துக்காகச் சாப்பிடாதீர்கள். உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்த சம்பவங்கள் உண்டு. சாப்பிட்டுத்தான் தீருவேன் என்றால் கூழாகும்வரை மெல்லுங்கள், கூடவே சோஜு என்கிற கொரிய மது வேண்டாம்.

படி 6: காசு கொடுத்துவிட்டுக் கிளம்புவது

கீழே மீனுக்குக் கொடுத்ததும் மேலே உட்கார்ந்ததற்குக் கொடுப்பதும் தனித்தனி. கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். 50,000 வொன் நோட்டு மஞ்சள், 5,000 நோட்டு சிவப்பு சாயல், அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சுழியத்தை எண்ணிக் கொடுங்கள். டிப்ஸ் கிடையாது, வைத்தாலும் மறந்துவிட்டீர்கள் என்று ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

சாலையைத் தாண்டினால், பூசான் திரைப்பட விழாவின் பெயர் கொண்ட பிஃப் சதுக்கம். அங்கே பொரித்து, வயிற்றைக் கீறி விதைகள் திணித்துத் தருகிற ஹொத்தொக் என்கிற இனிப்பு அப்பம் விற்பார்கள். உள்ளே சர்க்கரைப் பாகு கொதித்துக்கொண்டிருக்கும், முதல் கடியை ஊதிக் கடியுங்கள்.