வித்துவானின் முதல் மனைவிக்கு: பேர் வரும்போதே செய்து வைக்க வேண்டியவை

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள் தங்கச்சி. உங்கள் வீட்டுக்காரரின் கச்சேரித் தேதி, ஊர், பக்கவாத்தியம் யார், முன்பணம் எவ்வளவு, மீதி கைக்கு எப்போது வந்தது, எல்லாம் அதில் ஏறட்டும். காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வரும் சம்பாவனை, அதாவது கச்சேரிக்குக் கொடுக்கும் பணம், எல்லாம் வங்கி வழியாக வருவதில்லை, நாளைக்கு ஜீவனாம்சம் என்று கோர்ட்டுக்குப் போனால் அவர் வருமானத்தைக் காட்ட இந்த நோட்டும் பழைய கச்சேரி நோட்டீஸ்களும்தான் கைகொடுக்கும்.

அடுத்து கல்யாணப் பதிவு. வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஊரே கூடித் தாலி கட்டியிருந்தாலும் சரி, தமிழ்நாட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். அதற்கு முந்தைய கல்யாணம் என்றால் பத்திரிகையும் போட்டோவும் எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

சீர் விஷயத்தில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு, வைரம், வெள்ளி, எவர்சில்வர் வரை கல்யாணத்திலேயே சிட்டை, அதாவது சாமான் பட்டியல், எழுதிவிடுவார்கள். அந்தச் சிட்டையைத் தேடி எடுத்து நகல் போட்டு அம்மா வீட்டில் ஒன்று வையுங்கள். அது உங்கள் சீதனம், விவாகரத்தே ஆனாலும் உங்களுடையதுதான். அவர் ஸ்டூடியோ கட்ட நகையைக் கொடுத்தீர்கள் என்றால் தயங்காமல் எழுதி வாங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

இன்னொருத்தி வந்துவிட்டாளா? நீங்கள் விவாகரத்து கொடுக்காத வரை 1955 இந்துத் திருமணச் சட்டப்படி அந்த இரண்டாம் கல்யாணம் செல்லாது. ஆனால் அதில் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் சொத்தில் பங்கு உண்டு, அந்தப் பிள்ளைகளோடு மல்லுக்கு நிற்காதீர்கள், பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்.

பரஸ்பரச் சம்மதம் என்று பேப்பரை நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம், ஏனென்றால் விவாகரத்து ஆனதும் மனைவி என்ற வாரிசு உரிமை போய்விடும், உங்கள் பிள்ளைகளின் உரிமை மட்டும் நிற்கும். அதனால் தொகை, வீடு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்து. அவர் சினிமாவுக்கு இசையமைப்பவர் என்றால் பாட்டுகளின் பட்டியலையும் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர மற்ற வழிகளில் வரும் ராயல்டிப் பங்கை அவர் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாது, அவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் பதிப்புரிமை இருக்கிறது. நீங்கள் கூட இருந்த காலத்தில் பிறந்த பாட்டுகளின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல் பேசப்படும் எந்தத் தொகையும் நியாயமில்லை.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சிவகங்கை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், போகும்போது நோட்டையும் சிட்டை நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.