ஜிபிஎஸ் கடிகாரம் பிந்துகிறதா?

ஜிபிஎஸ் மாட்யூலை வைத்துக் கடிகாரம் செய்பவர்கள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்: மாட்யூல் அனுப்பும் வரியில் 10:15:30 என்று இருக்கும். ஆனால் அந்த வரி நம் கைக்கு வரும்போது 30-வது நொடி பிறந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மாட்யூல் கணக்குப் போட எடுக்கும் நேரம் ஒரு பக்கம். அதோடு 9600 பாட் (baud) தரவு வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். எல்லா வரிகளும் சேர்ந்து 480 எழுத்து என்றால் அதற்கே அரை நொடி!

இதில் செயற்கைக்கோள்களைப் பட்டியலிடும் ஜிஎஸ்வி (GSV) வரிகள்தான் பெரிய தொல்லை. தெரியும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அவை கூடும், குறையும். அவற்றுக்குப் பின்னால் வரும் வரியின் தாமதமும் நொடிக்கு நொடி மாறும். மாறாத தாமதம் என்றால் கழித்துவிடலாம், இதை எப்படிக் கழிப்பது? அதனால் ஜிஎஸ்வியை அணைத்துவிடுங்கள், நேரமும் தேதியும் தரும் ஆர்எம்சி (RMC) வரி மட்டும் போதும். வேகத்தையும் 115200 ஆக்குங்கள்.

அப்புறம், மாட்யூலில் நொடிக்கு ஒரு துடிப்பு தரும் பிபிஎஸ் (PPS) என்று ஒரு பின் (pin) இருந்தால் கட்டாயம் இணையுங்கள். நொடி தொடங்கும் கணத்தைச் சொல்வது அந்தத் துடிப்புதான். அது எந்த நொடி என்பதை மட்டும் வரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாட்யூல்களில் துடிப்புக்கு அடுத்து வரும் வரி, அப்போது கடந்துபோன துடிப்புக்கு உரியது.