மித்ராவுக்குப் பன்னிரண்டு சீடர்கள் உண்டா? புராண ஒப்பீட்டில் சறுக்கும் இடங்கள்

பழங்காலப் புராணங்களையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் ஒப்பிட்டுப் புதிதாக எழுதுகிறவர்கள் கட்டுரையை என்னிடம் காட்டுவதுண்டு. ஆள்தான் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. நாங்களெல்லாம் தொடங்கிய காலத்தில் விழுந்த அதே குழிகள். பெயரைப் பிழையாக எழுதுவது, கிரேக்கக் கடவுளையும் ரோமானியக் கடவுளையும் குழப்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். மறுபடி ஒருமுறை படித்தால் அவை தாமே கண்ணில் படும்.

பட்டியலை நம்பி, மூலத்தைத் திறக்காமல் விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அண்மையில் வந்த ஒரு கட்டுரையின் தொடக்கமே இப்படி: பண்டைய ரோமானியர் வழிபட்ட மித்ரா என்ற கடவுள் டிசம்பர் 25இல் ஒரு கன்னியிடம் பிறந்தார், அவருக்குப் பன்னிரண்டு சீடர்கள், இறந்து மூன்றாம் நாள் எழுந்தார், இயேசுவின் கதை அதன் நகல். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். இன்னொரு கட்டுரையைக் காட்டினார். அது வேறொன்றைக் காட்டியது. கடைசிவரை போய்ப் பார்த்தும் ஒரு கல்வெட்டோ பழைய ஏடோ தட்டுப்படவில்லை.

ரோமானிய மித்ரா வழிபாட்டினர் எழுதிய வேதநூல் எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. மிஞ்சியவை கல்வெட்டுகள், குகை போலக் கட்டிய கோயில்கள், சிற்பங்கள், வெளியாட்களின் குறிப்புகள். அந்தச் சிற்பங்களையாவது பார்க்க வேண்டாமா? பிறப்புக் காட்சியில் தாய் என்று ஒருத்தியே இல்லை. ஒரு பாறை. அதிலிருந்து வெளிப்பட்டு நிற்கும் ஆடையில்லாத வாலிபன். தலையில் நுனி முன்பக்கம் மடிந்த குல்லாய், ஒரு கையில் கத்தி, மறு கையில் தீவட்டி. பாறையையே கன்னியாக வைத்துக்கொள்ளலாமே என்றுகூட ஒருவர் என்னிடம் வாதாடியிருக்கிறார்.

பன்னிரண்டு சீடர்களுக்கு வருவோம். இந்தக் கோயில்களில் நடுநாயகமாக இருப்பது காளையைக் கொல்லும் காட்சி. மித்ரா காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துத் தலையை இழுத்து, தோளில் கத்தியை இறக்குகிறார். நாயும் பாம்பும் இரத்தத்தை நோக்கித் தாவுகின்றன, கீழே ஒரு தேள் கவ்வுகிறது. சில சிற்பங்களில் இவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு உருவங்கள் உண்டு. மேஷம், ரிஷபம், மிதுனம் என்று போகும் ராசிமண்டலம் அது. யாரோ ஒருவர் அந்தப் பன்னிரண்டைச் சீடர்களாக்கியிருக்க வேண்டும். இறப்பும் உயிர்த்தெழுதலும்? காட்சியில் சாவது காளை. மித்ரா செத்ததற்கே சான்றில்லை, அப்புறம் எங்கே எழுவது.

இதில் இழப்பு என்னவென்றால், மித்ராவை வைத்துப் பேச உண்மையிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், மித்ரா சடங்கிலும் அப்பமும் தண்ணீர்க் கிண்ணமும் வைத்து ஏதோ சொல்கிறார்கள், பேய்கள் நம் திருவிருந்தைக் காப்பியடித்துவிட்டன என்று எழுதுகிறார். ஒற்றுமை இல்லை என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். எதிர்த்தரப்பின் வாயிலிருந்தே கிடைத்த சாட்சி! நான் சொன்ன கட்டுரையில் இதுவும் இருந்தது, கடைசிப் பத்தியில் இரண்டே வரியாக. முதல் பத்தியிலேயே பன்னிரண்டு சீடர்களைப் பார்த்துவிட்ட விவரமான வாசகர் அதுவரை வருவாரா?

எகிப்தியக் கடவுள்களான ஒசைரிஸ், ஹோரஸ் கதையும் இப்படித்தான் கெடுகிறது. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் தரும் வடிவத்தில் ஒசைரிஸின் உடல் பதினான்கு துண்டுகளாகச் சிதறடிக்கப்படுகிறது, அவர் மனைவி ஐசிஸ் தேடிச் சேர்க்கிறாள். அவர் மீண்டு வந்து பழையபடி அரசாளவில்லை, மாண்டோர் உலகுக்கே அரசராகிறார். இறந்த கணவனின் உடலோடு கூடித்தான் ஐசிஸ் ஹோரஸைக் கருவுற்றாள் என்கின்றன எகிப்திய நூல்கள். இதைக் கன்னிப் பிறப்பு என்று எழுதினால் எகிப்தியருக்கும் நியாயமில்லை, கிறிஸ்தவருக்கும் நியாயமில்லை.

கிருஷ்ணரைச் சிலுவையில் ஏற்றுவது

1875இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூல், சிலுவையில் அறையப்பட்டவர்கள் என்று பதினாறு பேரைச் சொன்னது. கிருஷ்ணரும் அதில் ஒருவர். வேடன் ஜரனின் அம்பு காலில் தைத்த கதையைக் கேட்டு வளர்ந்த நாமும் அதைப் பகிர்கிறோம்.

ஆண்டைப் பார்க்காமல் விடுவது

ரோமானிய மித்ரா வழிபாட்டின் தடயங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தென்படத் தொடங்குகின்றன. யார் யாரிடம் வாங்கினார் என்பதை அதற்குப் பிறகு பேசுங்கள்.

டிசம்பர் 25ஐத் தீர்ந்துபோன வழக்காக நினைப்பது

கிறிஸ்மஸ் நாள் ரோமானியரின் பழைய சமயத்திலிருந்து வந்ததா என்பது இன்னும் தீரவில்லை. கி.பி. 354ஆம் ஆண்டின் ரோமானியத் தொகுப்பு ஒன்றில் அந்த நாளுக்கு நேரே 'வெல்லப்படாதவனின் பிறந்தநாள்' (சூரியக் கடவுளைக் குறிப்பதாகக் கருதுகிறார்கள்) என்றும் இருக்கிறது, கிறிஸ்து பெத்லகேமில் பிறந்தார் என்றும் இருக்கிறது.

தொடர்பே கிடையாது என்று அடித்துப் பேசுவது

இது விசுவாசிகள் தரப்பின் சறுக்கல். சிரியாவின் கடற்கரையை ஒட்டிய உகாரித் நகரை 1929 முதல் தோண்டியபோது களிமண் பலகைகள் கிடைத்தன. நகரம் அழிந்தது கி.மு. 1200ஐ ஒட்டி. அந்தப் பலகைகளில் புயல் கடவுளான பாகால் லோத்தானைக் கொல்கிறார். லோத்தான் ஏழு தலைப் பாம்பு. தப்பியோடும் பாம்பு, நெளியும் பாம்பு என்று அதற்கு அடைமொழிகள். இப்போது ஏசாயா 27:1ஐப் புரட்டுங்கள். 'லிவியாதான் என்னும் கோணலான சர்ப்பத்தை' கர்த்தர் பட்டயத்தால் தண்டிப்பார் என்கிறது, மூல மொழியில் ஏறக்குறைய அதே அடைமொழிகளோடு. வெளிப்படுத்தின விசேஷம் 12ஆம் அதிகாரத்தில் வலுசர்ப்பம் மறுபடி வருகிறது, ஏழு தலைகளோடு.

ஆனால் இங்கேயும் நகல் என்று சொல்லி எழுந்துபோய்விடாதீர்கள். உகாரித்தில் அது முடிந்துபோன வெற்றி, ஏசாயாவில் இனி நடக்கப்போவது. கொல்பவரும் பாகால் அல்ல. எது மாறியது என்பதில்தான் ஒரு முழுக் கட்டுரைக்கான விஷயம் கிடக்கிறது.

பவுலைப் படிக்காமல் இருப்பது

இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுல் ஏதென்ஸில் நின்று 'நாம் அவருடைய சந்ததியார்' என்று உங்கள் புலவர்களே சொல்லியிருக்கிறார்களே என்கிறார். அப்போஸ்தலர் 17:28. அது அராத்துஸ் என்ற கிரேக்கப் புலவரின் வரி. அந்தப் பாட்டில் 'அவர்' கிரேக்கரின் தலைமைக் கடவுளான ஜீயஸ்.