1924 ஸ்கீ கணக்கைச் சரிபார்ப்பது எப்படி

காரைக்குடி வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் தரையில் தாளை விரித்துப் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

பேரேடு போல இரண்டு பத்தி போடுங்கள்: ஓட்டம், தாவல். 1924 ஷாமோனி குளிர்கால ஒலிம்பிக்கில், நோர்டிக் கம்பைன்டில் (பனிச்சறுக்கில் ஓட்டமும் தாவலும் சேர்ந்த போட்டி) முதலில் 18 கிலோமீட்டர் ஸ்கீ ஓட்டம், அப்புறம்தான் தாவல். இப்போது பெரும்பாலும் தாவல்தான் முந்தி.

நேரத்தை அப்படியே எழுதாதீர்கள். மதிப்பெண்ணாக மாற்றியதை எழுதுங்கள். நார்வேயின் தோர்லெய்ஃப் ஹாகுக்கு ஓட்டத்தில் முழு 20. தாவலில் 17.8125. கூட்டினால் 37.8125, அதில் பாதி 18.906. தங்கம்! "ஐயா, சரியா வருது!" என்று பேரன் பென்சிலோடு எழுந்தே விட்டான்.

கூட்டலை மறுபடி போட்டுப் பாருங்கள், இது முக்கியம். அதே ஷாமோனியில் தனித் தாவல் போட்டியில் ஹாகுக்கு வெண்கலம் கொடுத்தார்கள். அது கூட்டல் பிழை. 1974-இல்தான் அமெரிக்காவின் ஆண்டர்ஸ் ஹாகனுக்கு அது போய்ச் சேர்ந்தது. கொடுத்தது ஹாகின் மகள். அந்த இடம் வந்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

அது முடிந்ததும் பெயர்களுக்கு நேரே நாட்டை எழுதுங்கள். நோர்டிக் கம்பைன்டில் 1924, 1928, 1932 மூன்றிலும் மூன்று பதக்கங்களும் நார்வேக்கே.