கரண்ட் போன அறையில் டார்ச் லைட்: எங்கே தவறு செய்கிறோம்?

டார்ச் லைட் தூரத்தில் இருப்பதைப் பார்க்கச் செய்த பொருள். வரப்பில் பாம்பு கிடக்கிறதா, கொல்லைப்புறத்தில் சத்தம் போட்டது என்ன என்று பார்க்கத்தான் அதன் தலையில் ரிஃப்ளெக்டரோ லென்ஸோ வைத்து ஒளி முழுவதையும் ஒரே பக்கம் குவிக்கிறார்கள். கரண்ட் போன அறைக்கு வேண்டியதோ இதற்கு நேர்மாறானது. யார் முகத்திலும் அடிக்காமல், சாப்பிடவும் பேசவும் குழந்தையைத் தூங்க வைக்கவும் போதுமான அளவுக்கு ஒளி எல்லா மூலைக்கும் பரவ வேண்டும். குவிந்த ஒளியை அப்படியே அறைக்குள் விடுவதில்தான் மற்ற தவறுகளில் பாதி தொடங்குகிறது.

அரை மணி நேர பவர்கட்டுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. புயல் காலத்தில்தான் வித்தியாசம் தெரியும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையைக் கடந்த பிறகு பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. 2018 நவம்பர் 16-ல் கஜா வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பலவற்றில் கரண்ட் வர வாரங்கள் ஆயின. இன்வெர்ட்டர் ஒரு நாளைத் தாண்டுவதே கஷ்டம். அதற்கப்புறம் கையில் மிஞ்சுவது சின்ன எல்இடி டார்ச்தான். அதைச் சரியாக வைக்கத் தெரிந்தால் பல இரவுகளை நிம்மதியாக ஓட்டலாம்.

முதல் தவறு, டார்ச்சை மேஜை மேலோ ஷெல்ஃப் மேலோ படுக்க வைப்பது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கண் கூசும், அவருக்குப் பின்னால் சுவரில் பெரிய நிழல் விழும், அறையின் மீதிப் பகுதி முன்னைவிட இருட்டாகத் தெரியும். ஃபேன் கொக்கியில் கயிறு கட்டிக் கீழ்நோக்கித் தொங்கவிடுவதும் சரிப்படாது. தரையில் ஒரு வட்டம் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான்.

டார்ச்சை மேல்நோக்கி நிறுத்துங்கள். வெள்ளையடித்த சீலிங் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும், அதுவும் எல்லாத் திசையிலும் சிதறடித்து. விரல் நீள டார்ச்சின் கூரிய ஒளி, சீலிங் அளவுக்குப் பெரிய மங்கலான விளக்காகிவிடுகிறது. இங்கேயும் சில நுணுக்கங்கள் உண்டு. அறையின் நடுவில் நிறுத்தினால் நடந்து போகிறவர் குனியும்போது நேராகக் கண்ணில் அடிக்கும். இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடினால் இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டி அறையே துடிப்பது போல இருக்கும், பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். அதனால் மூலைதான் நல்ல இடம். பீரோவுக்கு மேல் வைத்தால் சீலிங் ரொம்ப நெருக்கமாகி ஒரே இடத்தில் பளிச்சென்று வட்டம் விழும். ஸ்டூல் உயரத்தில் வைப்பது பரவாயில்லை.

வால்பக்கம் ஸ்விட்ச் துருத்திக்கொண்டிருக்கும் டார்ச் தானாக நிற்காது. உயரமான எவர்சில்வர் டம்ளரில் பாதி அளவு அரிசி போட்டு அதில் குத்தி நிறுத்தலாம். டார்ச்சின் தலை டம்ளர் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். பக்கத்தில் உட்காருகிறவர் கண்ணுக்குப் பல்ப் தெரியாது. உள்பக்கப் பளபளப்பு ஒளியை மேலே அனுப்பிவிடும். பூனையோ குழந்தையோ தட்டினாலும் சட்டென்று சாயாது.

ஓட்டு வீடு, கீற்றுக் கொட்டகை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே அடிப்பது வீண். கருத்த ஓடும் கீற்றும் ஒளியை விழுங்கிவிடும். அங்கே வெள்ளைச் சுவரின் மூலையைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். சுவரும் நீலமோ பச்சையோ என்றால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டி அதன்மேல் அடிக்கலாம்.

அடுத்தது, முழு வெளிச்சத்தில் எரிய விடுவது. செல்லைக் காலி செய்ய இதைவிட வேகமான வழி கிடையாது. 18650 என்ற அளவு லித்தியம் செல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 3000 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்றால் அதில் இருப்பது சுமார் 11 வாட் மணி. வெளிச்சத்தின் அளவை லுமெனில் சொல்வார்கள்; சுமாரான எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லுமென் தரும் என்று வைத்தால், 1000 லுமென் பயன்முறையில் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. 30 லுமெனில் கணக்குப்படி 36 மணி நேரம். சர்க்யூட் தின்பது போக ஒரு முழு நாளாவது தாங்கும். மாலையில் நாலைந்து மணி நேரம் மட்டும் எரிய விட்டால் ஐந்து இரவு. ஒரு மெழுகுவர்த்தி தருவது சுமார் 12 லுமென்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 30 லுமென் குறைச்சலே இல்லை. எரிய விட்ட உடனே போதாதது போலத்தான் தோன்றும். இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறோம், பழகிய கண்ணும் பழையபடி ஆகிவிடுகிறது.

முழு வெளிச்சத்தில் சூடும் உண்டு. 1000 லுமெனுக்கு மேல் தரும் சின்ன டார்ச்சை எரியும் நிலையில் மெத்தை மேல் குப்புறப் போட்டால் துணி கருகும். ஒளியை மிருதுவாக்குவதாக நினைத்து அதன் தலையில் பாலிதீன் கவரையோ கைக்குட்டையையோ இறுக்கிக் கட்டுவதும் இதே ஆபத்துதான். பென்டார்ச் செல் ஒன்றில் எரியும் சின்ன டார்ச் என்றால் டிஷ்யூ பேப்பர் சுற்றலாம், தப்பில்லை. பெரியதுக்கு வேண்டாம். வெள்ளைத் தயிர் டப்பாவைக் கழுவி, நிறுத்திய டார்ச்சுக்கு மேல் இடைவெளி விட்டுக் கவிழ்த்துக் குறைந்த வெளிச்சத்தில் வைத்தால் அழகான படுக்கையறை விளக்கு ரெடி.

தண்ணீர் பாட்டில் யோசனை எல்லோருக்கும் தெரியும். வெறும் தண்ணீர் ஒளியை அவ்வளவாகப் பரப்பாது. அதில் சில சொட்டுப் பால் விட்டால்தான் பாட்டில் முழுவதும் வெள்ளையாக ஒளிரும். ஆனால் மூடி கசியும் பாட்டிலை டார்ச் மேலோ போன் மேலோ வைக்காதீர்கள். காலையில் அதை மறக்காமல் கொட்டிவிடுங்கள், யாராவது எடுத்துக் குடித்துவிடப் போகிறார்கள்.

போன் டார்ச்சை அறை விளக்காக்குவதை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அந்த நேரத்தில் போன்தான் மின்னகத்துக்குப் புகார் சொல்ல, ஆம்புலன்ஸ் கூப்பிட, ஊரில் இருப்பவர்களுக்கு நலம் சொல்ல. சிக்னல் பலவீனமாக இருக்கும்போது டவரைத் தேடித் தேடியே பேட்டரி இறங்கிவிடும். அதன்மேல் விளக்கு வேலையையும் ஏற்றக்கூடாது.

ஒரே மங்கலான விளக்கு எல்லோருக்கும் போதும் என்று நினைப்பதும் தவறு, அதிகம் கவனிக்கப்படாத தவறு. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போய்ச் சேர்ந்த ஒளியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். பேரனுக்கு இதமாக இருக்கும் வெளிச்சத்தில் தாத்தாவுக்கு வாசற்படி தெரியாது. பெரியவர்களுக்குக் கையில் தனியாக ஒரு டார்ச் கொடுங்கள். பாத்ரூம் போகும் வழியில், முழங்காலுக்குக் கீழே, சுவரைப் பார்த்த மாதிரி இன்னொன்றை வையுங்கள். மாத்திரை எடுப்பது, இன்சுலின் போடுவது, காய் நறுக்குவது போன்ற வேலைகளுக்கு நேரடி வெளிச்சமே வேண்டும். வெள்ளை மாத்திரையும் வெளிர்மஞ்சள் மாத்திரையும் மங்கலில் ஒன்று போலத்தான் தெரியும்.

நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. மங்கலான அறையில் அது சவக்களையாக இருக்கும், தூக்கத்துக்கும் நல்லதல்ல. 3000 கெல்வினை ஒட்டிய மஞ்சள் ஒளி எல்இடி கிடைத்தால் சில ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை.

சரி, செல்லுக்கு வருவோம். மழைக்கு முன் செல் போட்டு வைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். சாதா செல்லும் அல்கலைன் செல்லும் உள்ளேயே கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்; தேவைப்படும் அன்று மூடியே திறக்காது. செல்லைத் தனியாகக் கழற்றி டார்ச்சோடு ஒரே டப்பாவில் வையுங்கள். பழையதும் புதியதும் கலந்து போடாதீர்கள். சார்ஜ் செய்யக்கூடிய பென்டார்ச் செல்லில், தானாகச் சார்ஜ் இறங்காத வகை என்று கேட்டு வாங்கினால் ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதி சார்ஜ் இருக்கும். லித்தியம் செல்லில் 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டிருந்தால் அது பொய். 18650 அளவில் நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் வரும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லைப் போடவே வேண்டாம். உதிரி லித்தியம் செல்லைச் சாவிக்கொத்தோடு ஒரே டிராயரில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். லெட் ஆசிட் பேட்டரி உள்ள எமர்ஜென்சி லைட் வீட்டில் இருந்தால் மாதம் ஒருமுறையாவது சார்ஜ் போடுங்கள். பரணில் தூங்கும் லைட் பிறகு விழிக்காது.

பட்டன் செல்லில் எரியும் குட்டி மெழுகுவர்த்தி விளக்கைக் குழந்தை இருக்கும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அந்த நாணய அளவு லித்தியம் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே விடியும்வரை காத்திருக்காமல், வாந்தி எடுக்க வைக்காமல், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பக்கவாட்டில் பட்டன் உள்ள டார்ச்சுகள் பலவும் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செல்லைக் குடிக்கும். அப்படிப்பட்ட டார்ச்சில் லித்தியம் செல்லை உள்ளேயே விட்டு வைப்பவர்கள் அடிமூடியைக் கால் சுற்று தளர்த்தி வைத்தால், பெரும்பாலான டார்ச்சுகளில் மின்தொடர்பு அறுந்துவிடும். வேண்டும்போது இறுக்கினால் போதும். இதை வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை கையில் கொடுத்துக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இருட்டில் அதை எடுப்பவர் பட்டனை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, கெட்டுப்போச்சு என்று திரும்ப வைத்துவிடுவார்.