ஸ்னாப்ஷாட் மட்டும் போதாது: விர்ச்சுவல் மெஷினை மீட்டும் பாருங்கள்

விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்ததுமே பேக்கப் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் அதே டிஸ்கில்தான் இருக்கும். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அப்டேட் போடுவதற்கு முன் எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டுக் கணினியில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டுவது விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருள் என்றால் வேலை எளிது. மெஷினை முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டு, அதன் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுங்கள். டிஸ்க் கோப்பும் அதே ஃபோல்டரில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். முழு மெஷினையும் ஓவிஏ என்ற ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்தும் வைக்கலாம், ஆனால் அதில் பழைய ஸ்னாப்ஷாட்கள் வராது.

சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் மெஷின் ஓடும்போதே பேக்கப் எடுக்கலாம். மெஷினுக்குள் க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு நிரலை நிறுவி, பிராக்ஸ்மாக்ஸில் அந்த மெஷினின் ஆப்ஷன்ஸ் பகுதியிலும் அதை இயக்கிவிடுங்கள். பேக்கப் தொடங்கும் கணத்தில் அது கோப்பு முறைமையில் எழுதுவதைச் சற்று நிறுத்திவைக்கும். டேட்டாபேஸ் ஓடும் மெஷினுக்கு இது ரொம்ப முக்கியம். சேமிக்கும் இடம் வேறு கணினியாக இருக்கட்டும்.

அப்புறம், மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்பவே கூடாது. மாதம் ஒருமுறையாவது பிராக்ஸ்மாக்ஸில் புதிய மெஷின் எண் (விஎம் ஐடி) கொடுத்து ரீஸ்டோர் செய்யுங்கள். ‘யூனிக்’ என்பதை டிக் செய்தால் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மாறிவிடும். ஆனால் மெஷினுக்குள்ளேயே நிலையாகக் கொடுத்த ஐபி முகவரி மாறாது. அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நெட்வொர்க் அமைப்பில் ‘டிஸ்கனெக்ட்’ போட்டுவிடுங்கள். இல்லையென்றால் அசல் சர்வரோடு முட்டிக்கொள்ளும். உள்ளே போய் டேட்டாபேஸைத் திறந்து, கடைசிப் பதிவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று பாருங்கள்.