பழைய காரை மாற்றுமுன் ரசீதுகளைக் கூட்டிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரான டர்பனில் ஓடித் தேய்ந்த காரை விற்றுவிட்டு இன்னொரு பழைய காரை வாங்குமுன், கடந்த 12 மாதங்களின் பழுதுபார்ப்பு ரசீதுகளைக் கூட்டி 12ஆல் வகுத்து, புதிதாகச் சேரும் மாதத் தவணையோடும் காப்பீட்டோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிளட்ச் மாற்றிய தொகை கண்ணை உறுத்தினாலும் அது சில ஆண்டுகளுக்குத் தாங்கும். தவணையோ மாதந்தோறும் வந்து நிற்கும், கடன் தீரும்வரை முழுக் காப்பீடு வேண்டுமென்று வங்கியும் கேட்கும். நம் கார் எந்த மேட்டில் முனகும் என்பது நமக்குத் தெரியும், பிறர் விற்கும் காரில் அது வாங்கிய பிறகே தெரியவரும். ஆனால் கடற்காற்றில் சேஸிஸ் என்னும் அடிச்சட்டம் துருவேறி, தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது என்றால், கணக்கை மூடிவைத்துவிட்டு, ஜோகன்னஸ்பர்க் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஓடிய காராகத் தேடுங்கள்.